பம்பு மோட்டாருக்குக் கம்பி வாங்குதலும் அவிழ்த்து இடுதலும்

திண்டுக்கல் ஜில்லாவில் பேகம்பூரைச் சூழ்ந்த சமவெளியின் தோட்டக்கால் நிலங்கள் பெரும்பாலும் கிணற்று நீரை நம்பியுள்ளன. முன்னாளில் கமலையால் இறைக்கப்பட்ட நீர், இந்நாளில் ஆழ்துளைக் கிணறுகளில் இறக்கப்பட்ட நீர்மூழ்கி மோட்டார்களால் மேலேற்றப்படுகின்றது. மோட்டாரின் குதிரைத்திறனையும் குழாயின் தரத்தையும் பலவிடத்தும் விசாரித்து வாங்கும் குடியானவர்கள், கம்பியை மட்டும் கடைக்காரர் கொடுத்தபடியே பெற்றுக்கொள்ளுகின்றனர். அக்கம்பி பழுதானால், பயிர் வாடும் தருணத்தில் குழாய் முழுவதையும் மேலே தூக்க நேரிடும். கூலியும் போய்ப் பயிரும் போம். ஆகையால் இவ்விஷயம் கவனிக்கத்தக்கது.

கம்பி விற்கப்படும் வகைகள்

ஒற்றைக் கம்பிகள் சாதாரணமாக 90 மீட்டர் கொண்ட காயில்களாக விற்கப்படுகின்றன. மோட்டாருக்குரிய மூன்று கம்பிகள் சேர்ந்த தட்டைக் கேபிள், பெரிய டிரம்களில் சுற்றப்பட்டு வந்து, வேண்டிய அளவிற்கு வெட்டியும் கொடுக்கப்படுகின்றது. எதை வாங்குவது என்பதை விலையைக் கொண்டு மட்டும் தீர்மானித்தல் கூடாது. வேலையின் நீளத்தைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும்.

உதாரணமாக, மோட்டார் 500 அடி ஆழத்தில் நிற்பதாகக் கொள்வோம். இது சுமார் 152 மீட்டர். கிணற்று வாயிலிருந்து ஸ்டார்ட்டர் உள்ள கொட்டகை வரை 20 மீட்டரும், இருமுனைகளிலும் இணைப்பதற்கு 3 மீட்டரும் கூட்டினால் 175 மீட்டர் ஆகும். 90 மீட்டர்த் துண்டுகள் இரண்டை வாங்கினால் நீளம் போதும். ஆனால் கிணற்றினுள்ளே நடுவில் ஓர் ஒட்டு விழும். மோட்டாரின் சொந்தக் கம்பியோடு கேபிளைச் சேர்க்கும் ஒட்டு தவிர்க்க முடியாதது. அதற்கு மேல் வேறோர் ஒட்டும் நீருக்குள் இருத்தல் ஆகாது. பேகம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் சாலைகளின் கழிவால் நிலத்தடி நீரில் உப்பு மிகுந்த இடங்கள் உண்டு. அத்தகைய நீர் ஒட்டில் புகுந்தால் செம்பு விரைவில் அரிக்கப்படும்; மின்சாரமும் கசியும். எனவே டிரம்மிலிருந்து ஒரே துண்டாக வெட்டி வாங்குவதே உத்தமம்.

மாறாக, கொட்டகை விளக்கிற்கு 12 மீட்டர் வேண்டுமாயின் முழுக் காயில் வாங்குவது வீண். மிச்சக் கம்பி மூலையில் கிடந்து எலிக்கு இரையாகும்.

வாங்கும்போது ஐ.எஸ். 694 என்னும் தரக்குறியைப் பார்க்கவும். மீட்டர் எண்கள் வரிசையாக அச்சிட்ட கேபிளாயின், ஒரு முனையின் எண்ணிலிருந்து மறுமுனையின் எண்ணைக் கழித்தால் நீளம் தெரியும்.

அவிழ்க்கும் முறை

கிடத்தி வைத்த வடத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முறுக்கு ஏறுவதைக் கமலை ஓட்டியவர் அறிவர். கம்பிக்கும் அஃதே. கிடக்கும் காயிலின் பக்கவாட்டில் இழுக்கும் ஒவ்வொரு சுற்றும் கம்பியில் ஒரு முழு முறுக்கை ஏற்றும். குறுக்களவு 60 சென்டிமீட்டர் உள்ள சுருளில் 175 மீட்டருக்குச் சுமார் 93 சுற்றுகள் உண்டு. அத்தனை முறுக்கும் ஓரிடத்தில் கண்ணியாக விழும்; இழுத்து நிமிர்த்தினால் இழைகள் அறும், மேலுறை வெடிக்கும். அவ்வெடிப்பு கண்ணுக்குத் தோன்றாது. நீர் அதனைக் கண்டுபிடிக்கும்.

ஆகவே கம்பியை இழுக்காமல் சுருளையே சுழலவிட வேண்டும். சிறு காயிலைச் சக்கரம்போல் தரையில் உருட்டிச் செல்லலாம். பெரிய சுருளை, அச்சில் கிடையாகப் பொருத்திய பழைய வண்டிச் சக்கரத்தின்மேல் வைத்துச் சுழற்றலாம். டிரம்மாயின் நடுத்துளையில் இரும்புத் தண்டைச் செருகி, இருபுறமும் தாங்கி வைத்து, மேற்புறத்திலிருந்து அவிழ்க்கவும். மூன்று ஒற்றைக் கம்பிகளைக் குழாயில் இழுக்க வேண்டுமாயின், மூன்று காயில்களையும் உருளையில் ஏற்றி, ஒரே தண்டில் கோத்து ஒன்றாக இழுத்தால் சிக்கல் உண்டாகாது.

டிரம்மை வண்டியிலிருந்து தள்ளிவிடலாகாது. படுக்க வைக்கவும் கூடாது. உருட்டும்போது அதில் குறித்த அம்புக்குறியின் திசையிலேயே உருட்டுக.

இறக்குமுன் செய்யத்தக்கவை

இவ்வட்டாரம் பாறைப் பாங்கானது; துளையின் சுவரில் கம்பி உராயும். எனவே ஏறக்குறைய 3 மீட்டருக்கு ஓரிடத்தில் கேபிளைக் குழாயோடு சேர்த்துக் கட்டுக. கேபிளைப் பிடித்து மோட்டாரைத் தொங்கவிடுதல் ஒருபோதும் கூடாது. இறக்குமுன்னும் பின்னும் லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மெக்கர் கருவியால் மேலுறையைச் சோதிப்பது அவசியம்.

குடிநீர்ப் பம்புகளைப் பராமரிக்கும் கிராமாதிகாரிகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். அவர்கள் கேபிளின் இருமுனை எண்களையும் இருப்புப் புத்தகத்தில் குறித்து வைத்தால், பின்னர் அளவில் தகராறு எழாது.

மிச்சமான கம்பியை நாலிடத்தில் கட்டி, ஆணியில் அல்லாது அகன்ற மரமுளையில் மாட்டி வைப்பது நலம். அளந்து வாங்குதல், சுழற்றி அவிழ்த்தல், ஒட்டின்றி இறக்குதல் ஆகிய மூன்றையும் கைக்கொள்ளும் குடியானவர்கள், கோடையில் மோட்டாரைத் தூக்கும் வீண் செலவைப் பெரிதும் தவிர்ப்பர்.