கல்லான மரமும் மரமறியாத மலையும்

மரம் கல்லாகும் என்று வகுப்பிலே சொன்னால் மாணவர் சிரிப்பர். சாபத்தால் கல்லான பெண்ணின் கதையை வியப்பின்றிக் கேட்டு வளர்ந்தவர்களும், மரம் கல்லாவதை ஒப்புக்கொள்ளத் தயங்குவர். ஆனால் இது கதையன்று, மெய். அக்கல்லை அறுத்து, தேய்த்து, மெருகேற்றி, அதனுள் உறைந்துள்ள இழையோட்டத்தைக் கண்டு மகிழ்வதை ஓர் அரிய பொழுதுபோக்காக உலகிற் பலர் போற்றி வருகின்றனர்.

வீழ்ந்த மரத்தை ஆற்று மணலோ எரிமலைச் சாம்பலோ விரைந்து மூடிவிட்டால், காற்றுப் படாமையால் அது எளிதில் உக்குவதில்லை. நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிக்கா அதன் நுண்ணறைகளுள் மெல்லப் புகுந்து படிகின்றது. மரம் சிறிது சிறிதாக நீங்க, அதன் வடிவத்தைக் கல் ஏற்றுக்கொள்கின்றது. இரும்பு கலந்த இடம் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிர்கின்றது. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் நோக்கும் அறிஞர், அம்மரம் எவ்வினத்தது என்பதையும் பல வேளைகளிற் கூறிவிடுகின்றனர்.

இத்தகைய மரமொன்றை நான் கண்டது தமிழ்நாட்டிலே. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் அங்கு சென்று குடியேறிய உறவினரைப் பார்க்கப் போனபோது, பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்கு அழைத்துச் சென்றனர். 18 மீற்றர் நீளமான அடிமரம் கல்லாய்க் கிடக்கின்றது. 1940ஆம் ஆண்டு அதனை அறிவுலகுக்கு அறிவித்தவர் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன். ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் அந்நிலத்தை மூடியிருந்த காலத்தில் அடித்துவரப்பட்டுப் புதைந்த மரம் அது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலோ இத்தகைய மரங்கள் பல. அவற்றின் வயது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு. கிளையும் வேரும் அவற்றில் இல்லாமையால், வெள்ளம் அவற்றைப் புரட்டிக் கொணர்ந்தது என்பர். இரண்டு இடங்களும் தேசியப் புவியியற் சின்னங்களாகக் காக்கப்படுகின்றன. ஒரு துண்டேனும் எடுத்தல் தகாது. அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கல்மரக் காட்டிலும் இதுவே விதி.

நான் திரும்பிவந்து இதைச் சொன்னதும், "நமது மலையில் ஏன் இல்லை, சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். கேள்வியிலே ஏக்கம் இருந்தது. முன்னோர் திருச்சியிலும் சேலத்திலும் இராமநாதபுரத்திலும் இருந்து வந்தவர். பெருமைக்குரிய யாவும் அங்கேயோ கொழும்பிலேயோதான் உண்டு. லயத்துக்குப் பின்னால் வெறுங்கல்லும் தேயிலையுமே உள்ளன என்பது நம் பிள்ளைகள் பலரின் நெஞ்சில் ஊறிய எண்ணம்.

அவனுக்கு நான் சொன்ன விடை இது: பதுளையைச் சூழ்ந்த மலைகளின் பாறைகள், பூமியின் ஆழத்தில் கடுஞ்சூட்டாலும் அழுத்தத்தாலும் உருமாறி இன்றைய நிலையை அடைந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன். உலகில் மரம் என்ற ஒன்று தோன்றியதோ ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகளுக்கு முன். மரமே பிறவாத காலத்துப் பாறையில் கல்மரத்தைத் தேடுவது எங்ஙனம்? நம் தீவில் தொல்காலத் தாவரத்தின் சுவடு காண வேண்டுமாயின் புத்தளம் மாவட்டத்துத் தப்போவைக்குச் செல்ல வேண்டும்; அங்கே யுராசிக் காலத்து இலைகளின் அச்சு கிடைத்துள்ளது. நம் மலையிலோ வெண்படிகமும் செந்நிறக் கார்னட் மணிகளும் பாறையிலேயே பதிந்துள்ளன. ஊவாவின் ஒக்கம்பிட்டி மாணிக்கக் கற்களுக்குப் பெயர் பெற்றது.

அவற்றையும் மெருகேற்றலாம். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்து ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் மாலைப் பொழுதுகளில் இதனையே செய்கின்றார். தடித்த கண்ணாடித் தகட்டின்மேல் சிலிக்கன் காபைட்டுப் பொடியையும் நீரையும் இட்டு, கல்லின் ஒரு முகத்தை வட்டமாகத் தேய்க்கின்றார். 80 என்னும் எண்ணுடைய பரும்பொடியில் தொடங்கி, 220, 400, 600 என நுண்பொடிக்குச் செல்கின்றார். பொடி மாற்றுந்தோறும் கல்லையும் கையையும் நன்கு கழுவ வேண்டும். பரும்பொடியின் ஒரு மணி தங்கினாலும் பல நாள் உழைப்பில் கீறல் விழும். இறுதியாக, நனைந்த கம்பளித் துணியில் சீரியம் ஒக்சைட்டு இட்டுத் தேய்க்கக் கல் கண்ணாடிபோல் ஒளிர்கின்றது. கல்மரமும் படிகமும் வன்மையில் ஏறத்தாழ ஒன்றே. மோவின் அளவுகோலில் 7. ஆதலால் ஒன்றிற் பயின்ற கை மற்றதற்கும் உதவும். பழந்தமிழர் அறிந்த தேய்பொருளான குருந்தத்தின் பெயரே ஆங்கிலத்திலும் சென்று வழங்குகின்றது.

மூன்று எச்சரிக்கைகள் கூறுதல் கடன். உலர்ந்த கல்லை ஒருபோதும் அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. சிலிக்காத் தூசி நுரையீரலைத் தழும்பேற்றும், அந்நோய்க்கு முழுத் தீர்வில்லை. உரிமப்பத்திரமின்றி மாணிக்கக்கல் அகழ்தல் சட்டவிரோதம். எல்லாவற்றினும் மேலாக, சரிவைத் தோண்டலாகாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கமுடியுமா? பாதையோரத்தில் உதிர்ந்து கிடக்கும் கல்லே மாணவருக்குப் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லைத் தேய்க்குமுன் அது கிடைத்த இடத்தையும் நாளையும் மாணவர் எழுதி வைக்கட்டும். இடமறியாத கல் அழகுப்பொருள் மட்டுமே. இடமறிந்த கல் பாடநூல். அப்பிள்ளைகள் நாள்தோறும் ஏறி இறங்கும் படிக்கட்டின் கல், திருவக்கரை மரங்களுக்கும் சாத்தனூர் மரத்துக்கும் மிக மூத்தது. அதை அறிந்த பிள்ளை தன் மலையை வெறுங்கல் என்று சொல்லமாட்டான்.