காணாமற்போன கணவனும் பேசும் நாயும்

ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்து, திருச்சிராப்பள்ளி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் பயின்று, பிற்காலத்தில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் பெரும்பங்கு வகித்த ரங்கராஜன் அவர்களையே தமிழுலகம் சுஜாதா என்று அறியும்.

சர்வாதிகாரி ஜீவாவின் ஆட்சி நடக்கும், அன்று எதிர்காலமாயிருந்த 2021-ஆம் ஆண்டில், திடீரென்று மறைந்துபோன தன் கணவன் சிபியை நிலா என்னும் இளம்பெண் தேடிச் செல்வதாக அவர் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ என்னும் தொடர்கதை, பின்னர் தூர்தர்ஷனில் தொடராகவும் ஒளிபரப்பாயிற்று.

சினிமாவுக்குரிய பொருட்செலவு வாய்க்காத சின்னத்திரையில் எதிர்கால நகரத்தைக் காட்டுவது எளிய காரியமன்று. ஆயினும், காட்சி ஜோடனைகளில் உள்ள குறைகளைப் பொருட்படுத்தாமல், காணாமற்போனவன் கிடைப்பானா என்ற கவலையையும், புத்தகம் படித்து மனிதரைப்போல் வாதாடும் ஜீனோ என்னும் இயந்திர நாயின்மீது கொண்ட வாத்ஸல்யத்தையுமே ரசிகர்கள் பலர் இன்றளவும் நினைவுகூர்கின்றனர்.

மர்மக் கதைக்கு ஜீவநாடி, அரங்கின் ஆடம்பரமன்று. அபாயத்தில் சிக்கிய பாத்திரத்தின்பால் நமக்கு உண்டாகும் பரிவேயாகும். அப்பரிவை எழுத்திலேயே விதைத்துவிடும் ஆசிரியன் அமைந்துவிட்டால், சொற்பப் பணத்தில் எடுக்கப்படும் தொடரும் ஜனங்களின் நெஞ்சில் நிலைபெறும் என்பதில் ஐயமில்லை.