தொடுறதுக்கு முன்னாடி கேளுங்க: பிசியோதெரபி மாணவர்களுக்கு

கும்பகோணத்துல பிசியோதெரபிஸ்டா வேலை பார்க்கிறேன். பயிற்சிக்கு வர்ற மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். கடைசி வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "சார், புரொஃபஷனலிசம்னா வெள்ளைக் கோட்டு, ஷூ, நேரத்துக்கு வர்றது, அவ்வளவுதானா?"

அதெல்லாம் வேணும்தான். ஆனா நம்ம தொழிலோட கதையைக் கொஞ்சம் பாருங்க. 1894-ல, லண்டன்ல மசாஜ் நிலையங்கள்ங்கிற பேர்ல தப்பான காரியங்கள் நடக்குதுன்னு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதுச்சு. முறையா மசாஜ் சிகிச்சை செஞ்ச நாலு பெண்கள் அதே வருஷம் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. மருத்துவர் சொல்லாம சிகிச்சை கிடையாது, பொதுப் பத்திரிகைகளில் விளம்பரம் கிடையாதுன்னு விதி போட்டாங்க. இன்னைக்குப் பிரிட்டன்ல இருக்கிற பிசியோதெரபிஸ்ட் சங்கம் அதோட தொடர்ச்சிதான். நம்ம வேலை இன்னொருத்தர் உடம்பைத் தொட்டுச் செய்யற வேலை. அந்தக் கையை நம்பலாம்னு ஜனங்களுக்குத் தோணணும்னுதான் விதிகளே வந்துச்சு.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். பாபநாசம் பக்கத்துலேருந்து முதல் பஸ்ஸைப் பிடிச்சு ஒரு அம்மா வர்றாங்கன்னு வைங்க. வருஷக்கணக்கா குனிஞ்சு நாத்து நட்ட இடுப்பு. அன்னைக்குக் கூலியும் போச்சு. உங்க கோட்டைப் பார்த்ததும் "டாக்டர்"னு கூப்பிடுவாங்க, நீங்க என்ன சொன்னாலும் மறுபேச்சு பேச மாட்டாங்க. அந்த மௌனத்தைச் சம்மதம்னு எடுத்துக்காதீங்க. இப்படிச் சொல்லுங்க: "அம்மா, நான் இன்னும் படிச்சுக்கிட்டிருக்கேன், எங்க சார் மேற்பார்வையில பார்க்கிறேன். இடுப்பை அழுத்திப் பார்க்கணும், பார்க்கலாமா? வேணாம்னா சொல்லுங்க, வேற ஆள் பார்ப்பாங்க." திரையை இழுத்து விடுங்க. பார்க்க வேண்டிய இடம் தவிர மத்ததைப் போர்த்தி விடுங்க. நீங்க ஆணா இருந்தா, ஒரு பெண் ஊழியரைக் கூட வச்சுக்குங்க.

ரெண்டாவது, கேஸ் ஷீட். சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்குக் கால்ல உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம். அதனால ஹாட் பேக் வைக்கிறதுக்கு முன்னாடி, அவங்களைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு டெஸ்ட் டியூப்ல வெதுவெதுப்பான தண்ணி, இன்னொண்ணுல குளிர்ந்த தண்ணி வச்சுத் தொட்டு, எது எதுன்னு கேட்கணும். ஓ.பி. கூட்டத்துல இதைச் செய்யாமலேயே 'நார்மல்'னு எழுதிட்டுப் போற மாணவர்களை நான் பார்த்திருக்கேன். சூடு தெரியாத கால் கத்தாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சர்க்கரைக் கால்ல புண் ஆற மாசக்கணக்காகும், சில பேருக்கு விரலையே எடுக்க வேண்டி வரும். டெஸ்ட் பண்ணலைன்னா பண்ணலைன்னே எழுதுங்க, அன்னைக்குச் சூடு வைக்காதீங்க. சீனியர் அவசரப்படுத்தினா, "இன்னும் டெஸ்ட் பண்ணல சார், ரெண்டு நிமிஷம்"னு சொல்லுங்க. அது மரியாதைக் குறைவு இல்ல.

மூணாவது, செல்போன். பக்கவாதம் வந்தவர் முதல் தடவையா நாலு அடி நடந்தா, ஸ்டேட்டஸ்ல போடணும்னு உங்களுக்கு ஆசை வரும். ஆனா அவர் வாய் கோணி, வேட்டி நழுவி நிக்கிற நேரம் அது. முகத்தை மறைச்சாலும் நம்ம ஊர்ல இன்னார்னு கண்டுபிடிச்சிடுவாங்க.

கடைசியா, படிக்கும்போதே காசுக்குத் தனியா வீட்டுக்குப் போய் சிகிச்சை கொடுக்கிறது. 2021-ல வந்த மத்திய அரசுச் சட்டம் பிசியோதெரபியையும் தேசிய ஆணையத்துக்குக் கீழ, பதிவு முறைக்குள்ள கொண்டுவந்திருக்கு. படிப்பை முடிச்சுப் பதிவு செய்யறதுக்கு முன்னாடி தனியாப் போகாதீங்க. அங்கே நோயாளி விழுந்தா, மயங்கினா, பக்கத்துல கேட்க உங்களுக்கு ஆளே இருக்காது.

நாளைக்கு வார்டுக்குப் போறவங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. முதல் நோயாளிகிட்ட உங்க பேரையும், மாணவர்ங்கிறதையும் சொல்லி, "பார்க்கலாமா?"ன்னு கேளுங்க. யாராவது வேணாம்னு சொன்னா வருத்தப்படாதீங்க. மனசுல பட்டதை உங்ககிட்டச் சொல்ல அவங்களுக்குத் தைரியம் வந்திருக்குன்னு அர்த்தம்.

கேள்விகள் இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.