உதயகிரிக் கோட்டையில் உறங்கும் தளபதி

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில், தக்கலைக்குச் சற்று முன்பாகப் புலியூர்க்குறிச்சி என்னும் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு குன்றை வளைத்து எழுந்து நிற்கும் கருங்கல் மதிலே உதயகிரிக் கோட்டை. கல்லூரியில் பயின்ற காலத்தில் நண்பர் இருவருடன் முதன்முறையாக அதற்குள் சென்றேன். கூரையை இழந்து நின்ற பழைய தேவாலயம் ஒன்றில் ஒரு கல்லறையைக் கண்டோம். அதன்மேல் இலத்தீன் எழுத்துகள் இருந்தன. தமிழ் எழுத்துகளும் இருந்தன. ஐரோப்பியர் ஒருவரின் கல்லறையில் தமிழ் எவ்வாறு வந்தது? அன்று என்னுள் எழுந்த அந்த வினாவைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன், மாணவ நண்பர்களே.

அங்கே துயில்பவர் யூஸ்டேசியஸ் டிலனாய். இன்றைய பிரான்சின் வடபகுதியிலுள்ள அராஸ் நகரில் 1715இல் பிறந்தவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து கீழ்த்திசைக்கு வந்தார்.

அக்கம்பெனிக்கு வேண்டியிருந்தது மிளகு. 1663இல் கொச்சியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது முதல், மலையாளக் கரையின் சிற்றரசர்களிடம் தனித்தனியே உடன்படிக்கை செய்துகொண்டு, மிளகைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்தது. 1729இல் திருவிதாங்கூர் அரசுக் கட்டிலில் ஏறிய மார்த்தாண்ட வர்மரோ அச்சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் தம் ஆட்சியின்கீழ்க் கொணரத் தொடங்கினார். பல விற்பனையாளர் இருந்த இடத்தில் ஒரே விற்பனையாளர். அவரும் வலிமை மிக்கவர். வணிகருக்கு இதைவிடக் கசப்பானது வேறென்ன இருக்க முடியும்? கம்பெனி போரில் இறங்கியது. அதன் படை குளச்சலில் கரையேறிற்று.

1741 ஆகஸ்டு மாதம் அங்கே போர் முடிந்தது. திருவிதாங்கூர்ப் பீரங்கிக் குண்டு ஒன்று டச்சுக்காரரின் வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து தீப்பற்றியதாம்; அவர்களுடைய அரிசி முழுவதும் எரிந்து போயிற்றாம். உணவற்ற படை சரணடைந்தது. கடற்கரை மீனவர் துடுப்புகளைத் தோளில் சாய்த்து அணிவகுத்து நின்று, துப்பாக்கிப் படைபோல் தோன்றிப் பகைவரை மருட்டினர் என்னும் செவிவழிச் செய்தியும் உண்டு.

சிறைப்பட்டவர்களுள் டிலனாயும் ஒருவர். அவரை டச்சுப் படையின் பெருந்தளபதி என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்கு அத்தனை உயர்ந்த பதவி இருந்ததில்லை என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். எனக்கு இரண்டாவது கருத்தே பொருத்தமாகப் படுகிறது. பெருந்தளபதிக்குத் திரும்பிச் செல்ல ஓர் இடம் இருக்கும். டிலனாய்க்கு அத்தகைய இடம் இருந்ததா? கம்பெனி என்பது நாடன்று, வாணிகச் சங்கம். பல நாட்டாரைக் கூலிக்கு அமர்த்திப் படை திரட்டியது அது. கத்தோலிக்கரான டிலனாய், புரோட்டஸ்டண்டு நாட்டு வணிகரிடம் சம்பளம் பெற்ற போர்வீரர். அவர் நாட்டைத் துறந்தார் என்பதைவிட முதலாளியை மாற்றிக்கொண்டார் என்பதே சரியாகும்.

மன்னரோ அவரிடம் பெரும்பணியை ஒப்படைத்தார். நாயர் படையினருக்கு ஐரோப்பிய முறையில் அணிவகுக்கவும், கட்டளைக்கு ஒருங்கே சுடவும் அவர் பயிற்சி அளித்தார். உதயகிரியில் பீரங்கிகளும் குண்டுகளும் வார்க்கும் உலைக்கூடம் அமைந்தது. பத்மநாபபுரத்தின் மண்கோட்டை கற்கோட்டையாயிற்று. கன்னியாகுமரிக்கு அருகே கடலோரத்து வட்டக்கோட்டையும் அவர் மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்டது. மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்றழைத்தனர். பெரிய படைத்தலைவர் என்பது அதன் பொருள்.

1753இல் கம்பெனியே மாவேலிக்கரையில் மன்னருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. மன்னருக்கு ஆயுதங்கள் விற்கவும் இசைந்தது. பழைய முதலாளி வழங்கிய துப்பாக்கிகளைப் புதிய மன்னரின் படைவீரர் ஏந்தினர்!

ஆனால் இந்த விசுவாசம் வலியில்லாமல் வந்ததன்று. அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, துன்புற்றிருந்த வேளையில் டிலனாயிடம் ஆறுதல் பெற்று, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் பிள்ளையானார். பின்னர்ச் சிறைப்பட்டு, 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மதம் மாறியதற்காகவே என்கிறது கிறித்தவ மரபு. வேறு குற்றச்சாட்டுகளுக்காக என வாதிடுவோரும் உளர். 2022இல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. தம் சொல்லால் மனம் மாறிய நண்பர், தாம் பணிபுரிந்த அரசின் கையாலேயே மாண்டபோது டிலனாய் என்ன நினைத்திருப்பார்? அவர் பணியை விட்டு விலகவில்லை. தம் சமயத்தையும் விடவில்லை. அவரைப் புகழ்ந்து பேசுவோர் இந்த இடத்தை விரைந்து கடந்து விடுகின்றனர்; என்னால் அவ்வாறு கடக்க இயலவில்லை.

1758இல் மார்த்தாண்ட வர்மர் மறைந்தபின் தர்மராஜா எனப்பட்ட இராம வர்மருக்கும் அவர் அதே பணியைச் செய்தார். வடவெல்லையில் கடற்கரை முதல் மலையடி வரை ஏறக்குறைய 30 மைல் நீண்ட நெடுங்கோட்டை அவர் திட்டப்படி எழுந்தது. 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் படை அதைத் தாக்கி, முதல் முயற்சியில் பின்வாங்கிற்று. அப்போது டிலனாய் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1777 ஜூன் முதல் நாள் அவர் இறந்தார். ஏறத்தாழ 37 ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாகப் பணியாற்றினார் என்று கல்லறை கூறுகிறது. இலத்தீன் அவர் பிறந்த சமயத்தின் மொழி. தமிழ், அவர் வாழ்ந்து மடிந்த கல்குளம் வட்டாரத்தின் மொழி. அதே தேவாலயத்தில் அவருடைய மகனின் கல்லறையும் இருக்கிறது. 1765இல் களக்காட்டுப் போரில், திருவிதாங்கூருக்காகப் போரிட்டு மாண்ட இளைஞன் அவன்.