தெருக்கூத்துக் களரியில் நடு ஒலிபெருக்கி: ஒலிக்கலவையும் திசைப்பகிர்வும்

ஆய்வுச் சுருக்கம்

தெருக்கூத்துக் களரியின் இருபுறமும் வைக்கப்படும் ஒலிபெருக்கிகள், கூத்தரின் குரலை அவர் நிற்கும் இடத்திலிருந்து பிரித்துவிடுகின்றன. இதற்கான ஒலியியல் காரணத்தையும், இடம், நடு, வலம் என மூன்று ஒலிபெருக்கிகளை அமைக்கும் முறை இதற்குத் தீர்வாகும் விதத்தையும், அம்முறையின் வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தெருக்கூத்து, களரி, ஒலிக்கலவை, திசைப்பகிர்வு, நடு ஒலிபெருக்கி.

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர் வட்டாரங்களில் தெருக்கூத்து இன்றும் வாழும் கலையாக விளங்குகிறது. செய்யாறு வட்டத்துப் புரிசை இக்கலையால் பெயர்பெற்ற ஊர். திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழ்கின்றன. பனுவல், ஒப்பனை, அடவு ஆகியவற்றைப் போலவே குரல் வந்து சேரும் திசையும் நிகழ்த்துதலின் ஒரு கூறாகும். இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னிருந்து பாடியபடி பாத்திரம் தோன்றும்போது, முகத்துக்கு முன்பே குரல் அவையை அடைகிறது. அக்குரல் திரையிலிருந்து வராமல் பந்தற்காலில் கட்டிய பெட்டியிலிருந்து வருமாயின் அத்தோற்றத்தின் ஆற்றல் குன்றும்.

இரு ஒலிபெருக்கிகளின் குறைபாடு

இரு ஒலிபெருக்கிகளிலும் ஒரே ஒலியைச் சம அளவில் ஒலிக்கச் செய்தால், நடுக்கோட்டில் அமர்ந்திருப்பவருக்கு அது நடுவிலிருந்து வருவதாகத் தோன்றும். இது செவி உருவாக்கும் தோற்றமே. நடுவில் ஒலிமூலம் ஏதுமில்லை. பக்கவாட்டில் அமர்ந்தோருக்கு இத்தோற்றம் சிதைகிறது.

எடுத்துக்காட்டாக, ஒலிபெருக்கிகள் 12 மீட்டர் இடைவெளியில் உள்ளன எனக் கொள்வோம். அவற்றை இணைக்கும் கோட்டிலிருந்து 8 மீட்டர் முன்னால், நடுக்கோட்டுக்கு 4 மீட்டர் இடப்புறம் ஒருவர் அமர்ந்திருக்கிறார். இட ஒலிபெருக்கி அவருக்கு 8.25 மீட்டர் தொலைவிலும், வல ஒலிபெருக்கி 12.8 மீட்டர் தொலைவிலும் இருக்கும். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர் என்பதால், வலப்புற ஒலி 13 மில்லிநொடி தாமதமாக வந்து சேரும். முப்பது மில்லிநொடிக்குட்பட்ட தாமதத்தோடு வரும் பேச்சொலியைச் செவி தனியொலியாக உணர்வதில்லை. முதலில் வந்த ஒலியின் திசையையே முழு ஒலியின் திசையாகக் கொள்கிறது. ஹெல்முட் ஹாஸ் 1949இல் தம் ஆய்வேட்டில் ஆராய்ந்த விளைவு இது. ஆகவே, கர்ணன் களரியின் நடுவில் நின்று பேசினாலும், அவருக்கு அக்குரல் இடப்புறப் பெட்டியிலிருந்தே கேட்கும்.

நடுக்கோட்டில் இருப்பவருக்கும் இழப்பு உண்டு. அவருடைய ஒவ்வொரு செவிக்கும் இரு ஒலிபெருக்கிகளின் ஒலியும் ஏறத்தாழக் கால் மில்லிநொடி வேறுபாட்டில் வந்து சேர்வதால், 2000 ஹெர்ட்சை ஒட்டிய அதிர்வெண்கள் வலுவிழக்கின்றன. மெய்யொலிகளின் தெளிவுக்கு இன்றியமையாத பகுதி இது.

மூன்று வழித்தடங்கள்

1933 ஏப்ரல் 27 அன்று பெல் ஆய்வகத்தார் பிலடெல்பியாவில் நிகழ்ந்த இசையை மூன்று ஒலிவாங்கிகளால் பெற்று, தொலைபேசிக் கம்பிவழி வாஷிங்டனுக்கு அனுப்பி, அங்கு மூன்று ஒலிபெருக்கிகளில் ஒலிக்கச் செய்தனர். அகன்ற அரங்கில் பலருக்கும் திசை பிறழாமல் கேட்க நடு வழித்தடம் உதவும் என்பதை அவ்வாய்வுகள் காட்டின.

இதன் பயன் எளிதில் விளங்குவது. நடு ஒலிபெருக்கியில் மட்டும் வரும் குரல் ஒரே இடத்திலிருந்து புறப்படுகிறது. அவையில் எவ்விடத்தில் இருப்பவருக்கும் அதன் திசை மாறுவதில்லை. கலவைக் கருவியின் திசைத்திருகை இடமிருந்து வலமாகத் திருப்பும்போது, ஒலி முதலில் இடத்திலிருந்து நடுவுக்கும், பின்னர் நடுவிலிருந்து வலத்துக்கும் நகர்கிறது. இரு ஒலிபெருக்கிகளுக்கு இடையில் நிறுத்தப்படும் ஒலியின் திசை பிறழ்ந்தாலும், அப்பிழை களரியின் பாதி அகலத்துக்குள் அடங்கும்.

கூத்துக்குப் பொருத்துதல்

களரியின் மேல் ஒலிவாங்கிகளைத் தொங்கவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. மூன்று ஒலிவாங்கிகளை இடம், நடு, வலமாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றையும் அதற்கு நேரான ஒலிபெருக்கிக்கு அனுப்பினால், கூத்தர் நகரும்போது அவர் குரலும் உடன் நகரும். கர்ண மோட்சத்தில் கர்ணனும் பொன்னுருவியும் எதிரெதிர் நின்று புரியும் தர்க்கத்தில், எவர் பேசுகிறார் என்பதைக் கண்ணை மூடியும் அறியலாம். ஹார்மோனியம், முகவீணை, மத்தளம், தாளம் ஆகியவற்றைக் கலைஞர் அமர்ந்திருக்கும் வரிசைப்படி பகிர்ந்தால், குரலும் கருவியிசையும் வெவ்வேறு திசைகளில் விலகிச் சொல் தெளிவாகும்.

கருத்திற்கொள்ள வேண்டிய வரம்புகளும் உள. முதலாவதாக, ஒவ்வோர் ஒலிபெருக்கியும் அவை முழுவதையும் எட்ட வேண்டும்; இல்லையேல் இடப்புறம் மட்டும் அனுப்பிய வசனத்தை வலப்புறத்தார் இழப்பர். இரண்டாவதாக, ஒரே குரல் இரு ஒலிவாங்கிகளில் விழுந்தால் பழைய சிக்கல் திரும்பும். கூத்தரின் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவைப்போல மும்மடங்கேனும் ஒலிவாங்கிகளுக்கிடையே இடைவெளி வேண்டும். மூன்றாவதாக, மூன்று ஒலிவாங்கிகளும் ஒருசேரத் திறந்திருந்தால், ஊளைச் சத்தம் எழாமல் ஒலியைக் கூட்டுவதற்குரிய இடம் ஒன்று மட்டும் திறந்திருப்பதைவிட ஏறத்தாழ 5 டெசிபெல் குறையும். எனவே நடு ஒலிபெருக்கியை ஒலிவாங்கிகளுக்கு முன்னால், உயரத்தில், அவையை நோக்கிச் சாய்த்துக் கட்டுதல் நன்று. உயர வேறுபாட்டைவிடப் பக்கவாட்டு வேறுபாட்டையே செவி நுட்பமாக உணர்வதால், உயரத்தில் கட்டுவதால் குரலின் இடம் பெரிதும் பிறழாது, பார்வையும் மறையாது.

முடிவுரை

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளி ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்துகின்றன. விழாக்களுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். விடியவிடிய நிகழும் கலைக்கு இது எளிய நிபந்தனையன்று. ஒலியை மேலும் உயர்த்துவது தீர்வாகாத இந்நிலையில், குறைந்த ஒலியிலும் சொல் விளங்கச் செய்வதே வழி. குரலை அதற்குரிய உடலோடு மீண்டும் சேர்க்கும் நடு ஒலிபெருக்கி அவ்வழிக்குத் துணைசெய்யும். கூத்தைக் கள ஆய்வில் பதிவு செய்வோர் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி ஆகியவற்றின் இருப்பிடங்களையும் களரி வரைபடத்தில் குறித்தல், குரல் எவ்விடத்தினின்று அவையை அடைந்தது என்பதைப் பின்வரும் ஆய்வாளர் அறிய உதவும்.