முதுகு வலியும் முறையான பயிற்சியும்

நடவும் களையெடுப்பும் முடிந்த பருவத்தில் கிராமங்களுக்குச் செல்லும்போது, இடுப்பில் கை வைத்தபடி திண்ணையில் அமர்ந்திருப்போரை நாம் காண்கிறோம். "உழைத்துத் தேய்ந்த உடம்பு, இனிப் படுக்கைதான்" என்பது அவர்கள் முடிவு. இம்முடிவு தவறானது. நெடுநாள் படுத்தே இருந்தால் தசைகள் மெலியும், மூட்டுகள் இறுகும்.

நாட்பட்ட இடுப்பு வலிக்கு முறைப்படுத்திய உடற்பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் பரிந்துரைத்தது. ஆயினும், மண்ணறிந்து உரமிடுவது போல, உடலறிந்தே பயிற்சி அளித்தல் வேண்டும். வலி எந்த அசைவில் மிகுகிறது, மீண்டும் செய்ய விரும்பும் வேலை யாது என்று இயன்முறை மருத்துவர் முதலில் கேட்டறிவார். குடம் தூக்க விரும்பும் பெண்மணி, நாற்காலியில் அமர்ந்து எழுந்து பழகுவார். பின்னர்ச் சிறு சுமை, அரைக்குடம், முழுக்குடம் எனப் படிப்படியாக உயர்வார். மறுநாளும் வலி மிகுந்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

கால் பலமிழந்தாலும், சிறுநீரை அடக்க இயலாவிடினும், காய்ச்சலோடு வலி வந்தாலும், பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இயன்முறைச் சிகிச்சையை இல்லங்களுக்கே கொண்டு சென்றது. தத்தம் வார்டில் வலியால் முடங்கியிருப்போரின் பெயர்களை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அறிவிப்பது ஊராட்சி உறுப்பினர்களின் கடமையாகும். சாலையும் கிணறும் போன்று, குடியானவரின் உடல் வலிமையும் ஊரின் செல்வமே அன்றோ?