பாலும் குடலின் ஆணையும்

வயது வந்த மனிதனுக்குப் பால் செரிப்பதே இயற்கை யென்றும், செரியாதவன் நோயாளி யென்றும் மேல்நாட்டு வைத்திய சாஸ்திரம் நெடுங்காலம் கருதி வந்தது. 1966-ம் வருஷத்தில் அமெரிக்காவிலே பேலெஸ், ரோஸன்ஸ்வைக் என்ற இரண்டு டாக்டர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி அந்த எண்ணத்தை அசைத்தது. வெள்ளையரிற் சிலருக்கே உள்ள கோளாறென நினைத்தது, கறுப்பு மக்களிற் பெரும்பாலோரிடம் காணப்பட்டது. பிறகு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆராய்ந்தபோது, உலகத்தில் வயது வந்தோரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் இவ்வகையினரே யென்று தெரிந்தது. மூவரில் இருவர் நோயாளிகளாம், ஒருவரே சுகதேகியாம்! இந்த விந்தைக் கணக்கு வெளியான பின்னரும் "குறைபாடு" என்ற சொல் வைத்திய நூல்களை விட்டு முற்றும் அகலவில்லை.

பாலிலுள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைப் பிளந்து இரத்தத்திற் சேரும்படி செய்வது லாக்டேஸ் என்னும் புரதம். தாய்ப்பால் உண்ணும் குழந்தையின் சிறுகுடலில் அது நிறைய உண்டு. பெரும்பாலோருக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடுகிறது. பிளவுபடாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்க் கிருமிகளால் புளித்து, வயிற்றை ஊதச் செய்கிறது.

இனி, நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. லாக்டேஸைச் செய்யும் ஜீன் கண்ணிலும் உண்டு, தோலிலும் உண்டு. அப்படியிருக்க, அது சிறுகுடலில் மட்டும் வேலை செய்வானேன்? மனிதனுடைய டி.என்.ஏ. முந்நூறு கோடி எழுத்துக்கள் கொண்டது. அதில் புரதங்களைச் செய்யும் பகுதி நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. மிச்சத்தைக் குப்பை யென்று தள்ளியவர்களும் உண்டு. அந்தக் குப்பைக்குள்ளேதான், எந்த ஜீன் எங்கே, எப்பொழுது விழிக்க வேண்டுமென்ற ஆணைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆணை இருந்தால் மட்டும் போதாது. அதைப் படிக்க ஆள் வேண்டும். லாக்டேஸ் ஜீனின் வாயிலில் சி.டி.எக்ஸ்.2, காட்டா-4 முதலிய புரதங்கள் வந்து பற்றுகின்றன. காட்டா-4 சிறுகுடலின் மேற்பாகத்தில் உண்டு, கடைக்கோடியில் இல்லை. 2006-ம் வருஷத்தில் வெளியான ஒரு சோதனையில் எலிகளின் குடலிலே காட்டா-4-ஐச் செயலற்றதாக்கினார்கள். குடலின் நடுப்பாகத்தில் லாக்டேஸ் குன்றியது. அதுமட்டுமன்று, கடைக்கோடியில் பித்த உப்பை உறிஞ்சுவதற்கென்று உள்ள புரதம் நடுப்பாகத்திலே தோன்றிவிட்டது! ஓர் அதிகாரி நீங்கினதும் ஜில்லாவின் எல்லையே மாறிவிட்டது போலாயிற்று.

இடத்திற்கு ஆணை யிருப்பதுபோலக் காலத்திற்கும் உண்டு. 2002-ல் பின்லாந்து விஞ்ஞானிகள், லாக்டேஸ் ஜீனுக்குச் சுமார் 14,000 எழுத்துக்கு அப்பால், அண்டை ஜீனொன்றின் உள்ளே, ஓர் எழுத்து வேறுபாட்டைக் கண்டார்கள். பழைய ஸி-க்குப் பதிலாக டி இருப்பவர்களுக்கு முதுமையிலும் லாக்டேஸ் குறைவதில்லை. லாக்டேஸில் ஓர் எழுத்தும் மாறவில்லை, கட்டளையில்தான் மாறுதல். மின்மினியின் ஒளிப் புரதத்தை இக்கட்டளைக்குக் கீழ்ப்படுத்தி எலிகளில் வைத்துப் பார்த்தார்கள். ஸி உள்ள எலியில் பால்குடி மறந்தபின் அந்தப் புரதம் குறைந்தது. டி உள்ள எலியில் நிலைத்தது.

கென்யாவிலும் தான்ஸானியாவிலும் மாடு மேய்ப்போரிடம் அதே பகுதியில் வேறோர் எழுத்து மாறியிருப்பதை 2007-ல் கண்டார்கள். பால் உண்ட ஜனங்கள் தனித்தனியே ஒரே வழியை அடைந்திருக்கிறார்கள் என்பது இதனால் விளங்கும். நமது தேசத்தின் கதையோ வேறு. ஹைதராபாத் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, 2,000-க்கு மேற்பட்ட இந்தியரைச் சோதித்து 2012-ல் வெளியிட்ட முடிவின்படி, இங்குள்ளது ஐரோப்பியரிடம் உள்ள அதே டி எழுத்துத்தான். அதைத் தாங்கிய டி.என்.ஏ. துண்டும் அதுவே. வடமேற்கில் அது மிகுதி. தெற்கிலும் கிழக்கிலும் குறைவு. இரத்தத்தின் தூய்மை பேசுவோர், பஞ்சாபியின் குடலிலும் பின்லாந்துக்காரன் குடலிலும் ஒரே எழுத்து ஆள்வதற்கு என்ன சமாதானம் சொல்வார்களோ, நாமறியோம்.